இருட்டு நேரத்துச் சூடு

நவம்பர் 6

அண்ணன் என்று எழுத முயன்று இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. அதனால் விளிக்காமலேயே தொடங்குகிறேன்.

இரண்டு வருடமாக நான் உனக்கு எழுதவில்லை. நீ எழுதிய ஏழு கடிதங்களையும் பிரிக்கவில்லை. இப்போது எழுதுவதால் மனம் இளகிவிட்டது என்று கணக்குப் போடாதே. நீ மாட்டிக் கொடுத்த ஹீட்டர்தான் என் வீட்டுக்காரரைக் கொன்றது. கோர்ட்டிலும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். உன்னை முன்கூட்டியே விடுவிக்கச் சம்மதமா என்று கேட்டு உன் சிறையிலிருந்து இரண்டு தடவை படிவம் வந்தது. இரண்டு தடவையும் 'சம்மதமில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியது நான்தான். மூன்றாவது வந்தால் அதிலும் அதையேதான் எழுதுவேன்.

விஷயம் ஒரு செடி. நாற்றுக் கொட்டகை எரிந்தபோது அதற்குள் இருந்த எல்லாமே போய்விட்டன. அவர் ஆறு வருடம் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தொட்டு வைத்து உண்டாக்கிய சாமந்தி நாற்றுகளில் ஒன்றுதான் மிச்சம், பதினேழாம் நம்பர். இலையில் பூச்சி பிடித்திருந்ததால், மற்றதற்குத் தொற்றக் கூடாது என்று அதை மட்டும் சமையலறை ஜன்னலில் கொண்டுவந்து வைத்திருந்தார். ஆரோக்கியமானதெல்லாம் எரிந்தது, நோஞ்சான் பிழைத்தது. அதன் பூவை அவர் பார்த்ததில்லை. என்ன நிறம் என்றே யாருக்கும் தெரியாது.

நுனி கிள்ளி நட்டு நட்டுத்தான் இவ்வளவு நாள் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. போன வாரம் அவருடைய சிநேகிதர், பண்ணைக்காரர், வந்து பார்த்தார். "ஜன்னலுக்கு நேரா தெருவிளக்கு எரியுது. இருட்டே இல்லாம சாமந்தி எப்படிம்மா மொட்டு வைக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் கும்மிருட்டு வேண்டும். இது எனக்குத் தெரியாதா என்ன, என் வீட்டுக்காரர் வாயால் நூறு தடவை கேட்டதுதான். இந்த இரண்டு வருடத்தில் தெரிந்தது எதுவும் எனக்குத் தெரிந்த மாதிரி இல்லை. தண்டு கட்டைபோல் ஆகிவிட்டது, இனி கிள்ளி நட்டால் வேர் பிடிக்காது, இந்தக் குளிர்காலம்தான் இதற்குக் கடைசி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நீ பழைய இரும்பு பீரோவில் டியூப்லைட் மாட்டி, கொட்டகையில் எரிந்த செடிப்பெட்டிக்கு ஜோடியாகச் செய்த இரண்டாவது பெட்டி, ஹீட்டர் மாட்டாமல் விட்டாயே, அது ஸ்டோர் ரூமில் கிடந்தது. இழுத்துப்போட்டுத் துடைத்துச் செடியை உள்ளே வைத்தேன். டியூப்லைட்டுகள் எரியும் பத்து மணி நேரமும் உள்ளே இருபத்திரண்டு டிகிரி இருக்கிறது. அணைத்ததும் விறுவிறுவென்று இறங்கி, விடிவதற்குள் எட்டுக்கு வந்துவிடுகிறது. இருட்டு நேரத்தில் பதினைந்து டிகிரியாவது இருந்தால்தான் மொட்டு கட்டும்.

ஹீட்டர் வைக்க மாட்டேன். கம்பி சிவக்கிற எந்தச் சாமானும் இந்த வீட்டுக்குள் கிடையாது. இஸ்திரிப் பெட்டியைக்கூட அத்தை தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். ஹீட்டர் இல்லாமல் இந்தப் பெட்டியை இருட்டு நேரத்தில் எப்படிச் சூடாக வைத்திருப்பது? செய்தவன் நீ, உனக்குத்தான் தெரியும். அதற்கு மட்டும் பதில் எழுது. நலம் விசாரிக்காதே.


நவம்பர் 14

தங்கைக்கு,

நலம் விசாரிக்கவில்லை.

முதலில் கடிகாரத்தைப் புரட்டிப் போடு. வெளியே எப்போது விடிகிறது என்று பெட்டிக்குள் இருக்கிற செடிக்குத் தெரியாது. நீ சுவிட்சைப் போட்டால் அதற்கு விடிந்தது, அணைத்தால் இருட்டியது. ராத்திரி எட்டு மணிக்கு விளக்கைப் போடு, காலை ஆறு மணிக்கு அணை. வீடு உறைந்து கிடக்கிற நேரத்தில் விளக்கின் சூடே பெட்டியைக் காப்பாற்றும். செடியின் இருட்டு நம் பகலில் வரட்டும். பகலில் அடுப்பு எரியும், சுவரில் வெயில் விழும், நீங்கள் இரண்டு பேரும் நடமாடுவீர்கள். வீடு எவ்வளவு குளிர்ந்தாலும் ராத்திரி அளவுக்குக் குளிராது.

பெட்டியை ஸ்டோர் ரூமில் வைக்காதே. அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம், கூடத்தில் ஒட்டி வை. தரையில் நேராக வைக்காமல் அடியில் பலகை போடு. இரும்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் இருக்கிற சூட்டையெல்லாம் தரை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டில் இருபது சேர்த்து, வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்து, வாய்வரை நிரப்பி, செடியைச் சுற்றி விளக்குக்குக் கீழே அடுக்கு. பத்து மணி நேரமும் அது சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். விளக்கு அணைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் எரியாது. உனக்கு அதுதானே வேண்டும்.

இன்னொன்று. மேலே, வெளிச்சம் புகாமல் தகடு வளைத்து நான் போட்டிருக்கும் காற்றுத் துளைகளை எதைக் கொண்டும் அடைக்காதே, சூடு போகிறதே என்று தோன்றினாலும் அடைக்காதே.

இங்கே எனக்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிற வேலை. வயர் பக்கமே விடுவதில்லை. அதுவும் சரிதான்.

பதினேழாம் நம்பர் பிழைத்தது எனக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். அதற்கு முதல் இலை விட்ட அன்று மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "என்ன நிறம் வரும்னு பந்தயம் கட்டு மச்சான். நான் பச்சைன்னு சொல்றேன்" என்றார். நான் வெள்ளை என்றேன். பூத்தால் எந்த நிறம் என்று எழுது. எழுத விருப்பமில்லாவிட்டால் வேண்டாம்.

அண்ணன் என்று நீ போடாததால் நானும் கீழே ஒன்றும் போடவில்லை.


டிசம்பர் 3

நீ சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. கறுப்புப் பெயிண்ட் பாட்டிலில் பாதி, என் கையில் பாதி, அத்தையின் புடவையில் மிச்சம். அத்தனை கறுப்பு பாட்டில்களை வெயிலில் காய வைத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா, "என்ன காய்ச்சறீங்க?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். செடிக்கு வெந்நீர் ஒத்தடம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறாள்.

பலன் இருக்கிறது. இருட்டு முடிகிற நேரத்தில்கூடப் பதினைந்துக்குக் கீழே இறங்கவில்லை. நன்றி என்று எழுத மாட்டேன்.

ஆனால் மொட்டைக் காணோம். பதினேழு நாள் ஆகிறது. பண்ணைக்காரர் இந்நேரம் நுனியில் ஏதாவது தெரிய வேண்டும் என்கிறார். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து டார்ச் அடித்துத் தெர்மாமீட்டரைப் பார்க்கிறேன். நாலு மணிக்கு இன்னொரு தடவை. பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இவ்வளவு பொத்திப் பொத்திப் பார்த்தும் ஏன் இப்படி?

மூன்றாவது படிவம் வந்துவிட்டது. மேஜை டிராயரில் இருக்கிறது. மார்ச் முதல் வாரத்துக்குள் அனுப்ப வேண்டுமாம்.

அத்தை எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை, நான் கேட்காதே என்று சொன்னதால் இருக்கும். காலையில் முகம் கழுவியதும் பின்வாசலில் போய், கொட்டகை இருந்த கரித்தரையைப் பார்த்து நின்று உன்னைத் திட்டுவார். "அவன் கை விளங்காமப் போக. என் புள்ளைய தின்னவன் நல்லா இருப்பானா" என்று பத்து நிமிஷம். பிறகு உள்ளே வந்து டீ கேட்பார். இரண்டு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது படுத்துக்கொண்டே திட்டினார். அந்தக் குரல் கேட்டால்தான் எனக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது.


டிசம்பர் 11

தங்கைக்கு,

கதவைத் திறக்காதே. மொட்டு வராததற்கு நீதான் காரணம்.

நீ டார்ச் அடிக்கிற அந்த அரை நிமிஷம் செடிக்கு விடிந்துவிடுகிறது. அது எண்ணிக்கொண்டு வந்த இருட்டெல்லாம் வீணாகி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நாலு மணிக்கு நீ போய் அதையும் கலைக்கிறாய். பதினான்கு மணி நேர இருட்டு அதற்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த அவரை விதையைத் தினமும் தோண்டி, வேர் விட்டதா என்று பார்த்து, மறுபடி புதைத்து வைப்பாயே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. அந்த விதை என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

நீள வயரின் நுனியில் உணர்முனை வைத்த தெர்மாமீட்டர் கிடைக்கும், அதை வாங்கு. முனையைச் செடியின் பக்கத்தில் தொங்கவிடு, பாட்டிலைத் தொடக் கூடாது. வயரைக் கீழே இருக்கும் துளை வழியாக வெளியே எடுத்து, சுற்றி வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணித் துணுக்கைச் செருகு. டிகிரியை வெளியே இருந்தே பார்த்துக்கொள்ளலாம். உள்ளே பார்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு வந்த பிறகுதான்.

படிவத்தில் எப்போதும் எழுதுவதையே எழுதி அனுப்பு. யோசனை சொன்னதற்குக் கூலியாக நான் கையெழுத்து வாங்கிக்கொள்ள மாட்டேன். அப்படி நீ நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தை திட்டட்டும். என்னைத்தான் திட்ட வேண்டும். அவரைத் தடுக்காதே.

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்து முத்திரை போடுகிற அதிகாரி நேற்று நான் பிரம்பு பின்னுகிற இடத்துக்கு வந்து, "மொட்டு விட்டுச்சா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவே இல்லை.

அண்ணன்


ஜனவரி 8

அண்ணா,

மொட்டு வந்துவிட்டது. நுனி இலைகளுக்கு நடுவே குண்டூசித் தலை அளவுக்குப் பச்சையாக ஒன்று. எட்டு மணிக்கு விளக்கு வந்ததும் பார்த்தேன், இல்லை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருபத்துமூன்று நாள் இருட்டு நேரத்தில் கதவைத் தொடாமல் இருந்தேன். என்ன பாடு பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் எழுத வந்தது வேறு. மூன்று நாளாகத் தாங்க முடியாத குளிர். வெயிலே இல்லை, குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. பாட்டில்கள் இருந்தும் நேற்று முன்தினம் மதியம் உள்ளே பதினொரு டிகிரிக்கு இறங்கிவிட்டது. கட்டிய மொட்டு கருகிவிடுமோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியில் இருந்த கம்பளிப் போர்வையை எடுத்து மேலிருந்து கீழ்வரை பெட்டியை மூடினேன். கை தானாகவே ஓரங்களையெல்லாம் செருகியது, முன்பே செய்து பழகியதுபோல. ஒரு மணி நேரத்தில் பதினாறு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அத்தை தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்தார். போர்வையைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு நான் வந்து ஒன்பது வருடம், ஒரு நாள் என்னிடம் குரல் உயர்த்தியவரில்லை. "எடு அதை" என்று கத்தினார். நான் எழுந்திருப்பதற்குள் அவரே பிடித்து இழுத்து, கொல்லை ஈரத்தில் கொண்டுபோய் எறிந்தார். "இந்த வீட்ல பெட்டி மேல போர்வை போடாத. சொல்லிட்டேன்" என்றார். ஏன் அத்தை என்று கேட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வரவில்லை. நேற்றுக் காலையிலும் இன்றைக்குக் காலையிலும் உன்னைத் திட்டவில்லை.

வயதானால் புத்தி இப்படித் தடுமாறுமா? விளக்கே எரியாத நேரம், ஹீட்டரும் கிடையாது, வெறும் தண்ணீர் பாட்டில். இதில் எது பற்றிக்கொள்ளும்? எட்டு மணிக்கு விளக்கு வருவதற்கு முன் எடுத்துவிடுவேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னால் கேட்பார் என்று சொல்ல முடியாது, ஆனால் எனக்காவது தெரியட்டும். போர்வை போடலாமா, கூடாதா?


ஜனவரி 15

போடாதே. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் போடாதே. அத்தை சொல்வதைக் கேள்.

காலை ஆறு மணிக்கு விளக்கை அணைப்பதற்கு முன்னால் நாலு பாட்டிலில் கைபொறுக்கிற வெந்நீர் நிரப்பி உள்ளே வை. அது போதும்.

காரணம் கேட்காதே.

அண்ணன்


ஜனவரி 22

அண்ணா,

ஒரு பாட்டிலைப் பற்றியே ஒரு பக்கம் எழுதுகிறவன் நீ. போர்வைக்கு அவ்வளவுதான் எழுதினாய். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, நீ ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது, ஆனால் இரண்டு பேரும் ஒரே போர்வையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்.

வெந்நீர் வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த நினைவு வந்தது.

தீப்பிடித்த அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே, "இருட்டு நேரத்துல பெட்டி ஜில்லுனு ஆயிடுது. ஹீட்டர் இருந்தும் பத்தல" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணி எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனேன். கொடியில் அவருடைய சாம்பல் நிறப் போர்வை காய்ந்திருந்தது. பாவம், செடிக்குக் குளிருகிறது என்று புலம்பினாரே என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய், பெட்டியின் மேலே போட்டு மூடி, நாலு பக்கமும் செருகிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கும்போது தெரிந்துகொண்டு சிரிப்பார் என்று நினைத்தேன். நான் உள்ளே வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு முன்னாலேயே புகை வந்துவிட்டது. அவர் நாற்றுத் தட்டுகளை எடுக்க ஓடினார், மேலே பிளாஸ்டிக் கூரை உருகிக் கொட்டியது. மற்றது உனக்குத் தெரியும்.

இது இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. கோர்ட்டில் வக்கீல், "பெட்டியின் மேல் ஏதாவது கிடந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடித்துச் சொன்னேன். நீ கூண்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பொய் சொல்லவில்லை அண்ணா, எனக்கு உண்மையாகவே நினைவில்லை. அப்படி ஒருத்தியால் மறக்க முடியுமா? நீ நம்புவாயா?

நீ அங்கே என்ன பார்த்தாய் என்று எழுது. நாலு வரி எழுதாதே.


பிப்ரவரி 2

சில்வண்டு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. இதை எழுதிக் கொடுத்தால் முதலில் அந்த அதிகாரிதான் படிப்பார். படிக்கட்டும் என்று துணிந்துதான் எழுதுகிறேன். தடயத்தை மறைத்தான் என்று இன்னும் ஆறு மாதம் சேர்த்துப் போட்டாலும் போடட்டும்.

நீ மறந்ததை நான் நம்புகிறேன். கூண்டில் நின்று பார்த்தபோதே நம்பினேன். உனக்குப் பொய் சொல்லும்போது காது சிவக்கும். அன்று சிவக்கவில்லை.

ஆனால் முழுவதையும் கேள், பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதே. அந்த ஹீட்டரில் சூடு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச் ஒன்று இருந்தது. அது அடிக்கடி அணைந்துவிடுகிறது, இருட்டு நேரத்தில் செடி குளிருகிறது என்று மாப்பிள்ளை ஒரு வாரம் முன்னால் சொன்னார். "அதை எடுத்துவிட்டுடு மச்சான், நான் பக்கத்துலயேதானே இருக்கேன், பாத்துக்கறேன்" என்றார். இருபது வருடம் வயரிங் பார்த்தவன் நான். அதை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். விரல் நீளத்துக்கு ஒரு வயரை வைத்து, கரண்ட் அந்தச் சுவிட்சைத் தொடாமலே போகும்படி செய்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. அந்தச் சுவிட்ச் இருந்திருந்தால் உன் போர்வைக்கு அடியில் பெட்டி தானே அணைந்திருக்கும், நீ அவரிடம் நாலு திட்டு வாங்கியிருப்பாய், கதை முடிந்திருக்கும். அதனால் நான் உனக்காக உள்ளே இருக்கிறேன் என்று நினைக்காதே. என் தண்டனையைத்தான் அனுபவிக்கிறேன். உன் பங்கையும் எடுத்துவைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் வந்து சேர்ந்தபோது உன்னையும் அவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தீயை அணைத்திருந்தார்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கம்பளித் துண்டு ஒன்று, இரண்டு உள்ளங்கை அளவு, எரியாமல் சிக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இழுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன். அத்தை காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டார். அவரும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில், எல்லாரும் பார்க்க, என் சட்டையைப் பிடித்து முதல் தடவையாகத் திட்டினார். அந்தத் துணி அப்போது அதே சட்டைக்குள்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பத்து நிமிஷத்தில் போலீஸ் வந்துவிட்டது.

மாப்பிள்ளையை இழந்துவிட்டாய். என்னை வெறுத்துக்கொண்டு நீ உயிரோடு இருந்துவிடுவாய் என்று தெரியும். இதைத் தெரிந்துகொண்டு இருப்பாயா என்று தெரியவில்லை. அதனால்தான் சொல்லவில்லை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஒரு வரியாவது உடனே எழுது.

சிறை வாசலில் என் பொருட்களை எழுதி வாங்கினார்கள். கைக்கடிகாரம் ஒன்று, டெஸ்டர் ஒன்று, பெல்ட் ஒன்று, கருகிய துணி ஒன்று. எழுதியவர் அது என்ன துணி என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்தார். வெளியே போகிற அன்று அப்படியே கையில் கொடுப்பார்கள். முதலில் வருகிற குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

உடனே எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்து எட்டு நாள் வரை அத்தையின் முகத்தைப் பார்க்காமலே நடமாடினேன். ஒன்பதாம் நாள் அவர் கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். "அன்னைக்குப் போர்வை போட்டது நான்தான் அத்தை" என்றேன்.

"தெரியும்" என்றார். பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சுமா அண்ணனைத் தினமும் திட்டுனீங்க?"

கையில் இருந்ததை உரித்து முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை. "யாரையாவது திட்டணும்ல. பெத்த வயிறு கேக்குமா? உன்னத் திட்டிட்டு உன் கையால எப்படி சாப்பிடறது? எனக்கு வேற யாரு இருக்கா? ஒரு நாள் அவன திட்டாம விட்டிருந்தா, அது உன் பக்கம் திரும்பியிருக்கும். எனக்கு அது பயமா இருந்துச்சு" என்றார்.

நான் அவர் காலைப் பிடிக்கப் போனேன். நகர்த்திக்கொண்டார். "போ. போய் பாட்டிலுக்குத் தண்ணி வை" என்றார்.

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். என்னிடம் கோபம் என்று சொல்ல முடியாது. வேண்டியதைக் கேட்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். காலையில் பின்வாசலுக்குப் போய் நிற்கிறார், வாயைத் திறப்பதில்லை. அந்தப் பத்து நிமிஷமும் நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு சத்தமும் வருவதில்லை. ஒரு நாள் தாங்காமல், "என்னைத் திட்டிடுங்களேன் அத்தை" என்று கேட்டேவிட்டேன். திரும்பிப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

நீ சுவிட்ச் சுவிட்ச் என்கிறாய். என் வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னார், நீ எடுத்தாய், நான் போர்வை போட்டேன். மூன்று பேரும் செடிக்குக் குளிரக் கூடாது என்றுதான் செய்தோம். அதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு ஆறுதல் வரவில்லை. என் பங்கை நீ எடுத்துவைத்துக்கொள்ள யார் உன்னைக் கேட்டது? இரண்டு வருடம் உன்னைச் சபித்து வீணாக்கிவிட்டேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?

படிவத்தில் 'சம்மதம்' என்று எழுதிவிட்டேன். காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பற்றவில்லை. பின்பக்கம் திருப்பி, போர்வையைப் பற்றி, ஐந்து மணிக்கு நான் செய்ததை, கோர்ட்டில் நான் சொன்னது தவறு என்பதை, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை அனுப்புகிற ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தபோது குமாஸ்தா படித்துவிட்டு, "இப்படி எழுதினா உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கம்மா. சம்மதம்னு மட்டும் போடுங்க, வேற படிவம் தரேன்" என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றேன்.

பூ நாலு நாள் முன்னால் விரிந்தது. எட்டு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. மஞ்சள். கடையில் கூடை கூடையாகக் கொட்டி விற்பார்களே, அதே மஞ்சள், அதைவிடக் கொஞ்சம் சின்னது. நீங்கள் இரண்டு பேரும் பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அத்தை வந்து எட்ட நின்று பார்த்தார், பக்கத்தில் வரவில்லை. இதற்காகத்தான் என் வீட்டுக்காரர் உருகுகிற கூரைக்கு அடியில் ஓடினாரா என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாதே, பாவம். கொட்டகையில் எரிந்ததெல்லாம் என்ன நிறமோ.

செடியை எடுத்து எறியவில்லை. அடியில் இரண்டு துளிர் வந்திருக்கிறது. பெட்டியில் கடிகாரப்படியே விளக்கு வருகிறது, அணைகிறது.

உன்னை முதலில் விடுவார்களா, என்னை முதலில் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. எது முந்தினாலும் ஒன்று மட்டும் செய். அந்தக் கவரை உன் கையில் கொடுக்கும்போது குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதே. இங்கே எடுத்துக்கொண்டு வா. அது உன்னுடையது இல்லை, என்னுடையது.

சில்வண்டு